எவர்சில்வர் தந்த தொழிலாளியின் மகன்

சமையலறையில் நாம் நாள்தோறும் கையாளும் எவர்சில்வர் தட்டுக்கும் டம்ளருக்கும் ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட வரலாறுதான் உண்டு. அதற்கு முன்பு, புளி பட்ட பித்தளை களிம்பேறியது. ஈயம் பூசுபவர் தெருவுக்கு வரும்வரை பாத்திரம் காத்திருந்தது. எலுமிச்சை அறுத்த கத்தி அடுத்த வேளைக்குள் கறுத்துப்போனது. ஐரோப்பியரின் உணவு மேசையிலும் இதே தொல்லைதான். வசதி படைத்தவர்கள் வெள்ளி முலாம் பூசிய கரண்டிகளை வாங்கிக்கொண்டார்கள். ஆனால், கூர்மையான கத்திக்கு எஃகைத் தவிர வேறு வழியில்லை. ஒவ்வொரு முறையும் உணவு முடிந்ததும் அதைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தேய்த்து வைக்க வேண்டியிருந்தது.

அந்தத் தொல்லையிலிருந்து உலகை விடுவித்தவர்களுள் முதலில் நினைக்கப்பட வேண்டியவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த ஹாரி பிரியர்லி. நான் உலோகவியல் பயின்றவன் அல்லன்; கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். எனினும், தொழில்நுட்பம் ஒரு சமூகத்தின் செல்வத்தை எவ்வாறு பெருக்குகிறது என்று மாணவர்களுக்கு விளக்கும்போதெல்லாம் இவருடைய வாழ்க்கைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். இரும்புடன் எதைச் சேர்த்தால் அது வலிமை பெறுகிறது, ஏன் பெறுகிறது என்பது அந்த வாழ்க்கை எழுப்பும் முதல் கேள்வி. அந்த வலிமையைக் கண்டறிந்தவருக்கு அதில் என்ன பங்கு என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு அறிவியல் தெளிவான விடை கண்டுவிட்டது. இரண்டாவது கேள்வி, குறிப்பாக நம் நாட்டில், இன்னும் திறந்தே கிடக்கிறது.

1871 பிப்ரவரி 18 அன்று பிரியர்லி பிறந்தார். தந்தை உருக்கு ஆலைத் தொழிலாளி. தாமஸ் ஃபர்த் அண்ட் சன்ஸ் நிறுவனத்தில் மூசைகளில் எஃகு உருக்கும் கடினமான வேலை அவருடையது. வீட்டில் பிள்ளைகள் பலர், வருமானம் குறைவு. பன்னிரண்டாம் வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. தந்தை வேலை செய்த உலைக்குக் கீழே, நிலவறையில் எடுபிடி வேலை பார்க்கும் சிறுவனாக அவரும் ஆலைக்குள் நுழைந்தார். சிறிது காலத்தில், அதே நிறுவனத்தின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் குடுவைகளைக் கழுவும் வேலை கிடைத்தது.

குடுவை கழுவும் சிறுவனுக்கு ஓர் ஆசிரியர் வாய்த்தார். ஆய்வுக்கூடத்தின் தலைமை வேதியியலர் ஜேம்ஸ் டெய்லர், எளிய நிலையிலிருந்து படித்து உயர்ந்தவர். அவர் அந்தச் சிறுவனைக் கணிதம் கற்கத் தூண்டினார். கையால் பொருள்கள் செய்யும் பழக்கத்தையும் ஊட்டினார். பிரியர்லி மாலை வகுப்புகளுக்குச் சென்றார். இரவில் வீட்டில் படித்தார். எஃகைப் பகுப்பாய்வு செய்வதில் தேர்ந்தவராகி, 1902-இல் ஃபிரெட் இபட்சனுடன் சேர்ந்து அத்துறையில் ஒரு நூலே எழுதினார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர் எழுதிய நூல் அது.

பிறகு அவருடைய நிறுவனம், அன்றைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த ரிகா நகரில் இருந்த தன் ஆலைக்கு அவரை அனுப்பியது. வேதியியலராகச் சென்றவர் ஆலை மேலாளராக உயர்ந்தார். எஃகை எவ்வளவு சூடாக்கினால், எப்படிக் குளிரவைத்தால் என்ன ஆகும் என்பதை அங்கே உலைக்கு முன்னால் நின்று கற்றார். வேதியியலருக்கு எஃகு என்பது அதில் அடங்கிய தனிமங்களின் பட்டியல். உலைத் தொழிலாளிக்கோ, முறித்துப் பார்த்த தன்மையும் நெருப்பின் நிறமும்தான் எஃகு. இவ்விரு அறிவும் ஒரே மனிதரிடம் சேர்ந்தன. பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது இந்தச் சேர்க்கைதான் என்று நான் கருதுகிறேன்.

1908-இல் ஃபர்த் நிறுவனமும் அதன் அண்டை நிறுவனமான ஜான் பிரவுனும் இணைந்து ஷெஃபீல்டில் பிரவுன் ஃபர்த் ஆராய்ச்சிக்கூடத்தை நிறுவின. அதன் தலைமைப் பொறுப்பு பிரியர்லிக்குத் தரப்பட்டது. 1912-இல் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் ஒரு சிக்கலோடு வந்தார்கள். தோட்டா வெடிக்கும்போது எழும் வெப்பத்தாலும் வாயுக்களாலும் துப்பாக்கிக் குழலின் உட்புறம் விரைவில் அரித்துப்போனது. குரோமியம் மிகுந்த எஃகு உயர்ந்த வெப்பத்தில்தான் உருகும். ஆகவே அது தாக்குப்பிடிக்கலாம் என்று பிரியர்லி எண்ணினார். முதலில் மூசையில் செய்த உருக்கல்கள் சரியாக அமையவில்லை. பின்னர் மின் உலைக்கு மாறினார். 1913 ஆகஸ்ட் 13 அன்று வார்க்கப்பட்ட எஃகில் 12.8 விழுக்காடு குரோமியமும் 0.24 விழுக்காடு கார்பனும் இருந்தன.

அரிப்புக்கு உள்ளான குழல்களைக் குப்பையில் எறிந்துவிட்டதாகவும், மாதங்கள் கழித்து அவற்றுள் ஒன்று மட்டும் பளபளத்ததைக் கண்டதாகவும் ஒரு கதை உலவுகிறது. கேட்க இனிமையான கதை. ஆனால், நடந்தது அதனினும் சுவையானது. எஃகின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் காண, அதன் முகத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் மெல்ல அரிக்க வேண்டும். அரிபட்ட கோடுகளே உள்ளமைப்பைக் காட்டும். 1860-களில் இம்முறையைத் தொடங்கிவைத்த ஹென்றி கிளிஃப்டன் சார்பியும் ஷெஃபீல்டுக்காரரே. பிரியர்லி தம் புதிய எஃகை இவ்வாறு சோதித்தபோது அமிலம் அதை அரிக்க மறுத்தது. மற்றொருவராக இருந்தால், சோதனைக்கு உடன்படாத துண்டு என்று ஒதுக்கியிருக்கக்கூடும். தடையாக வந்ததே செய்தி என்பதைப் பிரியர்லி கண்டுகொண்டார். வினிகரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் அதைச் சோதித்தார். கத்தி செய்வதற்கே பெயர்பெற்ற ஊரில் பிறந்தவருக்கு, உணவிலுள்ள புளிப்புக்கு மசியாத எஃகு என்றால் என்ன பொருள் என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அமிலம் ஏன் தோற்றது? அந்த எஃகில் ஏறத்தாழ ஏழு அணுக்களில் ஒன்று குரோமியம். குரோமியத்துக்கு ஆக்சிஜன்மீது இரும்பைவிடப் பற்று அதிகம். காற்று பட்டவுடன் அது ஆக்சிஜனுடன் கூடி எஃகின் மேற்பரப்பில் ஒரு படலத்தை அமைக்கிறது. அதன் தடிமன் ஒன்று முதல் மூன்று நானோமீட்டர் வரைதான்; தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண இரும்பின் துரு உதிரும். உதிர்ந்த இடத்தில் மீண்டும் துருப்பிடிக்கும். குரோமியப் படலமோ உதிராமல் ஒட்டிக்கொண்டு, ஈரமும் ஆக்சிஜனும் உள்ளே செல்லாமல் காக்கிறது. கீறல் விழுந்தாலும், காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு தானே மூடிக்கொள்கிறது. ஏறக்குறைய 11 விழுக்காட்டுக்குக் கீழே குரோமியம் குறைந்தால் படலம் தொடர்ச்சியாக அமையாது, பாதுகாப்பும் போய்விடும்.

இதில் நல்வாய்ப்புக்கும் ஓர் இடமுண்டு. நைட்ரிக் அமிலம் ஆக்சிஜனைத் தரும் இயல்புடையது. ஆதலால் அது அந்தப் படலத்தை வளர்க்கவே செய்தது. கந்தக அமிலம் அப்படியன்று, படலத்தைக் குலைத்துவிடும். 1892-இல் ஷெஃபீல்டின் மற்றொரு பெரிய உலோகவியலரான ராபர்ட் ஹாட்ஃபீல்டு, குரோமிய எஃகுகளை அடர்ந்த கந்தக அமிலத்தில் சோதித்து, குரோமியம் அரிப்பை எதிர்க்கும் திறனைக் குறைக்கிறது என்ற முடிவுக்கு வந்திருந்தார். சோதனை நேர்மையானது, கேட்ட கேள்விதான் தவறானது. இருபது ஆண்டுகள் இடைவெளியில், ஒரே ஊரில், ஒரே உலோகத்தைப் பற்றி இருவர் எதிரெதிரான விடைகளைப் பெற்றதற்கு ஒரு குப்பி அமிலமே காரணம்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் இந்தக் கதையின் ஓர் இழை தென்னிந்தியாவைத் தொடுகிறது. நம் பகுதியில் மூசையில் உருக்கிச் செய்யப்பட்டு, மேலை நாட்டார் வூட்ஸ் என்று அழைத்த உருக்கின் மாதிரிகளை லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819-இல் ஆராய்ந்தார். அதன் சிறப்புக்குக் காரணம் தேடிய ஆர்வத்தில், கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து எஃகில் வெள்ளி, பிளாட்டினம், குரோமியம் எனப் பலவற்றைக் கலந்து பார்த்தார். 1821-இல் பிரான்சின் பியேர் பெர்த்தியே, குரோமியம் கலந்த இரும்பு சில அமிலங்களை எதிர்ப்பதைக் குறித்துவைத்தார். அறிவு துளித்துளியாகச் சேர்ந்துகொண்டிருந்தது. பயன்தான் நூறாண்டு தள்ளி வந்தது.

இனி வலிமைக்கு வருவோம். தூய இரும்பு நாம் நினைப்பதைவிட மென்மையானது. அதன் அணுக்கள் கனசதுர ஒழுங்கில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு வரிசை முழுவதையும் ஒரே நேரத்தில் இன்னொன்றின்மேல் நகர்த்த மிகப் பெரிய விசை வேண்டும். கணக்கிட்டால், இரும்பு உண்மையில் இருப்பதைவிடப் பன்மடங்கு வலியதாக இருந்திருக்க வேண்டும். ஏன் அப்படி இல்லை என்பதற்கு 1934-இல் ஜி.ஐ. டெய்லர், ஓரோவான், பொலானி ஆகிய மூவர் தனித்தனியே விடை கண்டார்கள். விரித்த பெரிய ஜமக்காளத்தை அப்படியே இழுப்பது கடினம். ஆனால், ஓர் ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பி, அந்த மடிப்பை மறுமுனைவரை தள்ளிக்கொண்டு போனால் ஜமக்காளம் எளிதில் நகர்ந்துவிடும். உலோகத்தின் அணு அடுக்கிலும் இத்தகைய மடிப்புகள், அதாவது வரிசைப் பிழைகள், இருக்கின்றன. உலோகம் வளைவதும் நீள்வதும் அந்தப் பிழைகள் நகர்வதால்தான். ஆகவே, உலோகத்தை வலிமையாக்குவது என்றால் அந்த மடிப்பு நகரும் பாதையில் தடை வைப்பது என்று பொருள். கலப்புத் தனிமங்களின் வேலை அதுதான்.

கார்பன் அணு இரும்பு அணுவைவிட மிகச் சிறியது. அது இரும்பின் இடத்தைப் பிடிப்பதில்லை. அணுக்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் புகுந்துகொள்கிறது. இரும்பைச் சுமார் 900 பாகைக்குமேல் சூடாக்கினால் அதன் அணு அடுக்கு மாறி, கார்பன் தங்கத்தக்க பெரிய சந்துகள் உண்டாகின்றன. அந்நிலையிலிருந்து விரைவாகக் குளிரவைத்தால், இரும்பு பழைய அடுக்குக்குத் திரும்ப முயலும். கார்பனுக்கோ வெளியேற நேரம் இருக்காது. சிக்கிக்கொண்ட கார்பன், கனசதுரத்தை ஒரு பக்கமாக இழுத்து நீட்டிவிடுகிறது. கோணிப்போன அந்த அடுக்கின் வழியே மடிப்புகள் எளிதில் நகர முடியாது. எஃகுக் கத்தியின் கடினத்தன்மை முழுவதும் இதிலிருந்து வருவதே. பிரியர்லியின் எஃகில் சுமார் 90 அணுக்களுக்கு ஒரு கார்பன் அணுதான் இருந்தது. கத்தியைக் கத்தியாக்க அதுவே போதுமானது.

குரோமியத்தின் வழி வேறு. அதன் அணு ஏறத்தாழ இரும்பு அணுவின் அளவே இருப்பதால், இரும்பின் இருக்கையிலேயே அமர்ந்துவிடுகிறது. அடுக்கை அதிகம் கோணலாக்குவதில்லை. எனவே குரோமியம் நேரடியாகத் தரும் வலிமை சிறிதளவே. ஆனால், அது கார்பனின் நடமாட்டத்தை மந்தப்படுத்துகிறது. சாதாரணக் கார்பன் எஃகைக் கடினப்படுத்த, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்க வேண்டும். 13 விழுக்காடு குரோமியம் உள்ள எஃகோ காற்றில் ஆறினாலே கடினமாகிவிடும். அது மட்டுமன்று. குரோமியமும் கார்பனும் ஒன்றையொன்று நாடிக் கார்பைடு என்னும் கெட்டியான துகள்களாகக் கூடிவிடும் இயல்புடையவை. அவ்வாறு கூடினால் குரோமியம் துகளுக்குள் அடைபடும். மேற்பரப்பில் படலம் அமைக்க மிஞ்சாது. துகள்களைக் கரைத்து இரண்டையும் விடுவிக்க 1,000 பாகையை ஒட்டிய வெப்பம் தேவை. நன்கு கடினப்படுத்திய எஃகு அரிப்பை மிகவும் எதிர்ப்பதையும், மென்மையாக்கிய அதே எஃகு குறைவாக எதிர்ப்பதையும் பிரியர்லி தம் சோதனைகளில் கண்டார். எவ்வளவு சேர்த்தோம் என்பதோடு, சேர்த்தது எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் எஃகின் குணத்தை நிர்ணயிக்கிறது. படிகங்களுக்குள் அணுக்கள் அமர்ந்திருக்கும் முறையை எக்ஸ் கதிர்கள் அப்போதுதான் காட்டத் தொடங்கியிருந்தன. அணுக்கள் அமர்ந்த முறை அறியப்படும் முன்பே அதன் விளைவை அவர் கண்டுகொண்டார்.

இந்த நுட்பம் தெரியாததால்தான் முதல் கத்திகள் தோற்றன. பிரியர்லி தம் எஃகைக் கத்தி செய்வோரிடம் அனுப்பினார். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கார்பன் எஃகில் பழகியவர்கள். பழகிய வெப்பத்தில் காய்ச்சினால் துகள்கள் கரையவில்லை, கத்தி வெட்டவில்லை. அடித்து ஆறவிட்டால், காற்றிலேயே கடினமாகிக் கருவிகளைக் கெடுத்தது. உதவாத எஃகு என்று திருப்பி அனுப்பினார்கள். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊரார் அவரைக் கேலி செய்தார்கள். துப்பாக்கிக் குழலாகவும் அந்த எஃகு வெற்றி பெறவில்லை. அவருடைய நிறுவனமோ கத்தி விஷயத்தில் அக்கறை காட்டவில்லை.

1914-இல் ஆர்.எஃப். மோஸ்லி என்னும் கத்தி நிறுவனத்தின் மேலாளர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் அதை முயன்று பார்க்க முன்வந்தார். முதல் முயற்சியில் கருவிகள் பழுதாயின, இரண்டாவதும் சரிவரவில்லை. மூன்றாம் முயற்சியின்போது பிரியர்லியும் உடனிருந்தார். உலோகத்தை அறிந்தவரும் கத்தியை அறிந்தவரும் ஒரே பட்டறையில் நின்றதும் வெட்டும் கத்தி பிறந்தது. துருப்பிடிக்காத எஃகு என்பதே பிரியர்லி வைத்திருந்த பெயர். வினிகரில் இட்டுப் பார்த்த ஸ்டூவர்ட், கறை படியாத எஃகு என்ற பொருளில் ஸ்டெயின்லெஸ் என்று அழைத்தார். உலகம் அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது.

வெற்றி வந்ததும் வழக்கு வந்தது. கண்டுபிடிப்பில் தமக்கும் பங்குண்டு என்று பிரியர்லி வாதிட்டார். ஊதியம் பெறுபவர் ஊதிய நேரத்தில் கண்டறிந்தது நிறுவனத்துக்கே உரியது என்றார்கள் முதலாளிகள். எந்த ஆலையின் நிலவறையில் சிறுவனாக நுழைந்தாரோ, முப்பது ஆண்டுகளுக்குமேல் தம் வாழ்வைப் பின்னிக்கொண்டிருந்த அந்த நிறுவனத்திலிருந்து அவர் விலகினார். 1915-இல் பிரவுன் பெய்லி என்னும் மற்றொரு உருக்கு நிறுவனத்தில் ஆலை மேலாளராகச் சேர்ந்தார். பின்னர் அதன் இயக்குநர்களுள் ஒருவரானார்.

பிரிட்டனில் காப்புரிமை பெறும் வாய்ப்பு கைநழுவியிருந்தது. ஜான் மேடக்ஸ் என்பவரின் துணையோடு அவர் அமெரிக்காவில் விண்ணப்பித்தார். 1916 செப்டம்பரில் காப்புரிமை கிடைத்தது. அதன் மதிப்பை அறிந்த ஃபர்த் நிறுவனம் இப்போது பேச்சுக்கு வந்தது. 1917-இல் ஃபர்த் பிரியர்லி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிண்டிகேட் உருவானது. பெயரில் நிறுவனமும் தொழிலாளியின் மகனும் அருகருகே நின்றார்கள். 1920-இல் பிரிட்டனின் இரும்பு எஃகு நிறுவனம் அவருக்கு பெசமர் தங்கப் பதக்கத்தை வழங்கியது. நீதி கிடைத்தது என்று சொல்லலாம். ஆனால், அது கடல் கடந்து, ஒரு நண்பரின் துணையால், பேரம் பேசும் வலு வந்த பிறகே கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வலு வாய்க்காத எத்தனையோ பேரின் பெயர் நமக்குத் தெரியாது.

பிரியர்லி மட்டும்தான் கண்டுபிடிப்பாளரா என்று கேட்டால், இல்லை என்பதே நேர்மையான விடை. ஜெர்மனியில் பிலிப் மோனார்ட்ஸ் 1911-இல் குரோமிய அளவுக்கும் அரிப்பு எதிர்ப்புக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டிருந்தார். 1912-இல் குரூப் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ட்ராஸ், மவுரர் ஆகியோரின் பணியால் குரோமியமும் நிக்கலும் கலந்த எஃகு பிறந்தது. அமெரிக்காவில் எல்வுட் ஹேன்ஸ் தனியே அதே பாதையில் சென்றுகொண்டிருந்தார். காலம் கனிந்தால் ஒரு கண்டுபிடிப்பு பல கைகளில் ஒரே நேரத்தில் பழுக்கும். பிரியர்லியின் தனிச்சிறப்பு, ஆய்வுக்கூடத்தில் கண்டதை மக்களின் உணவு மேசைவரை விடாமல் கொண்டு சேர்த்ததில் இருக்கிறது.

நம் பாத்திரங்களின் எஃகு, உண்மையில், பிரியர்லியின் கத்தி எஃகுக்குத் தம்பி முறை. ஃபர்த் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குப் பின் பொறுப்பேற்ற வில்லியம் ஹாட்ஃபீல்டு 1924-இல் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட எஃகை உருவாக்கினார். மிகுந்த வெப்பத்தில் மட்டுமே இரும்புக்கு வாய்க்கும் அணு அடுக்கை, அறை வெப்பத்திலும் நிலைக்கச் செய்வது நிக்கல். அந்த அடுக்கில் மடிப்புகள் பல திசைகளில் எளிதாக நகரும். ஆகவே தகட்டைக் கிழியாமல் குடமாகவும் டம்ளராகவும் இழுக்கலாம். இழுக்க இழுக்க மடிப்புகள் ஒன்றோடொன்று சிக்கி, உலோகம் வலுவடைகிறது; ஒரு பகுதி அணு அடுக்கும் மாறிவிடுகிறது. காந்தம் ஒட்டாத நல்ல எவர்சில்வர் பாத்திரத்தின் வளைந்த விளிம்பில் மட்டும் காந்தம் சற்றே ஒட்டுவதற்கு இதுவே காரணம். எனவே காந்தத்தை மட்டும் வைத்துத் தரம் பார்ப்பது எப்போதும் சரியாகாது.

பொருளாதார மாணவனின் கண்ணுக்கு இங்கே ஒரு பாடம் தெரியும். நிக்கல் விலையுயர்ந்தது, நம் நாடு அதற்குப் பெரும்பாலும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. மாற்றாக மாங்கனீசையும் நைட்ரஜனையும் சேர்க்கும் முறை உண்டு. கார்பனைப் போலவே நைட்ரஜனும் சந்துகளில் புகுந்து மடிப்புகளைத் தடுக்கும். சிறிதளவே எஃகின் வலிமையைக் கணிசமாக உயர்த்தும். இவ்வகை எஃகு இந்தியச் சந்தையில் மிகுதி. ஆனால், விலையைக் குறைக்கக் குரோமியத்தையும் குறைத்தால், வலிமை இருக்கும். கறை படியாத தன்மை இருக்காது. சற்றே பெரிய அணுவாகிய மாலிப்டினத்தை இரண்டு மூன்று விழுக்காடு சேர்த்தால் அடுக்கும் இறுகும், உப்புநீரையும் எஃகு தாங்கும். செம்பு சேர்த்துச் சில மணி நேரம் மிதமாகச் சூடாக்கினால், சில நானோமீட்டர் அளவேயுள்ள செம்புத் துகள்கள் உள்ளே பிறந்து மடிப்புகளுக்கு முட்டுக்கட்டை போடும். இயந்திரத் தண்டுகளுக்கும் விமானப் பாகங்களுக்கும் ஏற்ற எஃகு அது. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு விலை, ஒரு பயன், ஓர் இடம். இந்தக் கணக்கைச் சரியாகப் போடும் நாடுதான் உலோகத் தொழிலில் முன்னேறும்.

அந்தக் கணக்கைப் போடுபவர்கள் யார்? ஆய்வுக்கூட உதவியாளர்கள், உலை இயக்குநர்கள், இளம் பொறியாளர்கள். அவர்களுடைய கண்டுபிடிப்பில் அவர்களுக்கு என்ன பங்கு? ஜெர்மனி 1957-இலேயே ஊழியர் கண்டுபிடிப்புகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. பிரிட்டனின் 1977-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், நிறுவனத்துக்கு மிகச் சிறந்த பலனைத் தந்த கண்டுபிடிப்பில் ஊழியர் நியாயமான பங்கு கோர வழிசெய்கிறது. பிரியர்லி தவித்த தவிப்புக்கு அவருடைய நாடு, அவர் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு விடை எழுதியது. நம்முடைய 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் இதற்கென்று தனிப் பிரிவு இல்லை. எல்லாம் பணி ஒப்பந்தத்துக்கே விடப்பட்டுள்ளது. வேலை தேடி வரும் இளைஞர், கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் பேரம் பேசும் நிலையில் இருப்பதில்லை என்பது யாவரும் அறிந்ததே.

முதலீடு செய்பவர், இடர் ஏற்பவர், ஆய்வுக்கூடம் அமைப்பவர் நிறுவனமே. எனவே உரிமையும் அதற்கே என்ற வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. தோல்வியுற்ற நூறு சோதனைகளின் செலவையும் நிறுவனம்தான் ஏற்கிறது. உரிமை நிறுவனத்திடமே இருக்கட்டும். ஆயினும், எதிர்பாராத பெரும் பயன் விளையும்போது அதில் ஒரு சிறு விழுக்காடு கண்டறிந்தவருக்குச் சேர வேண்டும் என்று சட்டம் சொல்வதால் எந்த நிறுவனமும் நொடித்துவிடாது. வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்ட ஒரு சோதனைத் துண்டை மேலதிகாரியிடம் எடுத்துச் சொல்ல ஊழியருக்கு ஊக்கம் பிறக்கும். சொல்லப்படாமல் போகும் கண்டுபிடிப்புகளின் இழப்பை எந்த ஆண்டறிக்கையும் காட்டுவதில்லை.

பிரியர்லி தம் முதுமையில் செய்த செயல் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுகிறது. 1941-இல், தம் தன்வரலாற்றை வெளியிட்ட அதே ஆண்டில், ஷெஃபீல்டில் ஃப்ரெஷ்கேட் என்னும் அறக்கட்டளையை நிறுவினார். தமக்கு வாய்த்தது போன்ற வாய்ப்புகள் பிறருக்கும் கிடைக்கத் தம் செல்வத்தில் ஒரு பகுதியை அதற்கு அளித்தார். குடுவை கழுவிய சிறுவனிடம் ஒரு டெய்லர் கணிதம் பேசியிராவிட்டால் தம் வாழ்வு எந்த உலையடியில் முடிந்திருக்கும் என்பதை அவர் மறக்கவில்லை போலும். 1948 ஜூலை 14 அன்று, தெற்கு இங்கிலாந்தின் டார்க்கி என்னும் கடற்கரை ஊரில், 77-ஆம் வயதில் அவர் காலமானார்.

நம் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக் கல்லூரிகளிலும் இன்று பயிலும் பிள்ளைகளுள் எத்தனை பிரியர்லிகள் இருக்கிறார்கள் என்று எவராலும் சொல்ல முடியாது. அவர்களுக்கு மாலை நேரக் கல்வி வேண்டும். கைத்திறனையும் கணிதத்தையும் ஒருசேரக் கற்பிக்கும் ஆசிரியர் வேண்டும். கண்டறிந்ததில் பங்கு தரும் சட்டம் வேண்டும். மூன்றும் பெரும் செலவு பிடிப்பவை அல்ல. 90 அணுக்களில் ஓர் அணு சரியான இடத்தில் அமர்ந்தால் எஃகு கூர்மை பெறுகிறது. அந்த ஓர் இடத்தைத் தருவதற்கு ஒரு நாடு தயங்கலாகாது.